ஸ்ட்ரைக் வந்ததா? தரகரிடம் சேனல் சாவியைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: வேலை நேரம் போக யூடியூபில் சினிமா, நவீன நாடகம், ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிகளை விமர்சிக்கிறேன். ஒரு பட விமர்சனத்தில் டிரெய்லர் காட்சிகள் சிலவற்றையும் பின்னணியில் அந்தப் படத்தின் பாடலையும் சேர்த்திருந்தேன். காப்பிரைட் ஸ்ட்ரைக் (உரிமை மீறல் புகாரால் சேனல்மீது விழும் எச்சரிக்கை) என்று வீடியோவை நீக்கிவிட்டார்கள். 12,000 ரூபாய் தந்தால் ஸ்ட்ரைக்கை எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஒரு ரூபாய்கூட வேண்டாம். யூடியூபுக்குள் நுழைய அவருக்கென்று தனி வாசல் கிடையாது. ஸ்ட்ரைக் போக மூன்றே வழிகள். யூடியூபின் காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருந்தால் தானாகக் காலாவதியாகும். புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் போகும். இல்லையென்றால் நீங்கள் கவுண்டர் நோட்டிபிகேஷன், அதாவது வீடியோவைத் தவறாக நீக்கிவிட்டார்கள் என்று யூடியூபுக்குச் சட்டப்படி எழுதும் மறுப்பு, கொடுக்க வேண்டும். தரகர் செய்வதெல்லாம் 90 நாளை இழுத்தடித்துவிட்டு, தானாகப் போனதைத் தன் சாதனை என்று சொல்வதுதான். சிலர் சேனலை இயக்கும் ‘மேனேஜர்’ அனுமதியோ ஓடிபியோ கேட்பார்கள். கொடுத்தால் சேனலே கைமாறிவிடும். இன்னும் சிலர் உங்கள் பெயரில் பொய்யான கவுண்டர் நோட்டிபிகேஷன் போடுவார்கள். அதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பதற்றத்தில் வீடியோவை அழித்துவிடவும் வேண்டாம், அழித்தாலும் ஸ்ட்ரைக் அப்படியே இருக்கும்.

அடுத்து, புகார் கொடுத்தது யார் என்று யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கத்தில்) பாருங்கள். தயாரிப்பு நிறுவனமா, ஆடியோ நிறுவனமா? எல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

டிரெய்லருக்காகத் தயாரிப்பாளர் கொடுத்த புகார் என்றால் உங்கள் பக்கம் வலு உண்டு. 1957 காப்பிரைட் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், அது மூலத்தோடு போட்டி போடுமா என்று 1996-ல் ஒரு நாடக வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் பார்த்தது. ‘பத்து விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை’ என்ற விதி எங்கும் கிடையாது. ‘காப்பிரைட் மீறும் எண்ணமில்லை’ என்று போடும் அறிவிப்புக்கும், காட்சியை இடவலமாகத் திருப்பிப் போடுவதற்கும் சட்டத்தில் மதிப்பில்லை. உங்கள் பேச்சும் காட்சியும் பொருந்துகின்றனவா என்று வீடியோவை ஓட்டிப் பாருங்கள். டிக்கெட் விலையைப் பற்றிப் பேசும்போது பின்னால் நாற்பது விநாடி சண்டைக்காட்சி ஓடினால், அது விமர்சனத்துக்கு எடுத்த காட்சி ஆகாது. ஒளிப்பதிவைப் பற்றிப் பேசும்போது அந்த ஷாட்டைக் காட்டினால் ஆகும்.

பாடல் விஷயம் வேறு. டிரெய்லரைப் படக்குழு வெளியிட்டாலும் பாடலின் உரிமை பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும். தயாரிப்பாளரே ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னாலும் அது செல்லாது. பாடலின் மெட்டையோ வரியையோ அலசிப் பேசும்போது ஒரு துணுக்கைப் போட்டால் வாதாடலாம். பேச்சு சப்பென்று இருக்கிறதே என்று பின்னணியில் ஓடவிட்டால் அது அலங்காரம்தான், எவ்வளவு குறைத்து வைத்தாலும் அலங்காரம்தான். புகார் ஆடியோ நிறுவனத்துடையது என்றால் கவுண்டர் நோட்டிபிகேஷன் வேண்டாம். வாபஸ் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பாட்டை நீக்கிப் புது வீடியோவாக ஏற்றுங்கள்.

நாடகத்திலும் ஸ்டாண்ட்-அப்பிலும் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் செல்போனைத் தூக்காதீர்கள். தியேட்டரில் திரையைப் பதிவு செய்வதோ நேரடிக் குற்றம்: 2023 சட்டத்திருத்தத்தின்படி குறைந்தது மூன்று மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும்.

கவுண்டர் நோட்டிபிகேஷனில் ‘நான் சின்ன சேனல், மன்னியுங்கள்’ என்று எழுதாதீர்கள். எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி, அதைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். நம் நாட்டுச் சட்டம் தந்த உரிமையைக் கேட்க அமெரிக்கச் சட்டப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். எரிச்சல்தான், ஆனாலும் வேறு வழியில்லை. யூடியூப் அதை ஏற்று அனுப்பிவைத்தால், 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் புகார்தாரர் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். படிவத்தில் கொடுக்கும் உங்கள் பெயரும் முகவரியும் அவருக்குப் போகும். தயக்கமிருந்தால் வக்கீல் மூலம் அனுப்புங்கள்.