பினாங்கைச் சுற்றிப் பார்க்கக் கப்பலில் தனியாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66, முட்டி வலி உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் எங்கள் இருவருக்கும் என் தங்கைக்கும் டிசம்பரில் நான்கு இரவு கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்ப வேண்டும். கரையில் இறங்கி ஊர் சுற்றத் தனிக் கட்டணமாம். கப்பல் ஆப்பில் பினாங்குக்கு ஆளுக்கு 75 வெள்ளி, பூக்கெட்டுக்கு 110 வெள்ளி, மூன்று பேருக்கும் 555 வெள்ளி. இங்கே டவுனில் ஒருவர், "பூக்கெட்டை ஆளுக்கு 180 வெள்ளியில் முடித்துத் தருகிறேன், கப்பலில் போனால் இதைவிட நிறைய ஆகும், பணத்தை இப்போதே என் கணக்கில் போடுங்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? பணத்துக்கு கிரெடிட் கார்டா, சேமநிதியா?

பதில்: வணக்கம்மா. விலை விஷயத்தில் டவுன்காரர் சொன்னது சரிதான். சிங்கப்பூரில் கிளம்புகிற கப்பல், மகளும் அங்கிருந்தே டிக்கெட் வாங்கியிருக்கிறார் என்றால் ஆப்பில் இருப்பது பெரும்பாலும் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), நம் மலேசிய வெள்ளி (ரிங்கிட்) இல்லை. விலைக்குப் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள், சில கப்பல்களில் அமெரிக்க டாலராகவும் இருக்கும், அது இன்னும் கூடுதல். சிங்கப்பூர் வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் நம் பணத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது, 555 என்பது 1,665-ஐத் தாண்டிவிடும். இரண்டையுமே வெள்ளி வெள்ளி என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் இந்தக் குழப்பம் யாருக்கும் வரும்.

பினாங்குக்குக் கட்டவே கட்டாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிற ஊரை, சிங்கப்பூர் போய்க் கப்பலேறி, நம் பணத்தில் 675 வெள்ளிக்கு மேல் கொடுத்து பஸ் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டுமா? கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுனிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் மணிக்கூண்டு, அதற்கு அடுத்தது கார்ன்வாலிஸ் கோட்டை, அங்கிருந்து மெதுவாக நடந்தாலே லிட்டில் இந்தியா. குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, கும்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்தில் வாழையிலைச் சாப்பாடு. ஐயாவுக்கு முட்டி ஒத்துழைக்காவிட்டால் கிராப் கார் எடுங்கள், மூன்று பேருக்கு ஒரே வண்டி போதும். பினாங்கு மலை ரயிலில் மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டினால் மலேசியர்களுக்குத் தனிக் குறைந்த கட்டணம் உண்டு, கப்பல்காரர்களோ எல்லா நாட்டவருக்கும் ஒரே விலை போட்டிருப்பார்கள். கப்பல் மதியத்துக்கு மேல்தான் வருகிறது என்றால் மலையை விட்டுவிடுங்கள்.

பூக்கெட் அப்படி இல்லை, அங்கே யோசித்துத்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் கப்பலைப் பத்தோங் கரைக்கு எதிரே கடலில் நிறுத்தி, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். கப்பலின் சுற்றுலாவுக்குக் கட்டியவர்களுக்குத்தான் முதலில் படகு, தனியாகப் போகிறவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். சுற்றுலா பஸ் நெரிசலில் மாட்டித் தாமதமானால் கப்பல் பொதுவாக உங்களுக்காக நிற்கும். நீங்களாக ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் நிற்காது. அதோடு தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், கைப்பேசி மட்டும் கரையில் இறங்கியதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும்.

நான் ஒருமுறை பத்தோங்கில் பார்த்தேன், வயதான கணவன் மனைவி இருவரும் கைப்பேசியைப் பார்த்து மூன்றரைதானே ஆகிறது என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், கப்பலில் அப்போது நாலரை, கடைசிப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஈர மணலில் ஓடி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படகுக்காரர் பார்த்துவிட்டதால் பிழைத்தார்கள். விட்டிருந்தால் பூக்கெட்டில் ஓர் இரவு ஹோட்டல், சிங்கப்பூருக்கு விமான டிக்கெட், எல்லாம் சொந்தச் செலவு, கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் அதற்கு வேறு அலைய வேண்டும்.

டவுன்காரரிடம் மூன்று பேருக்கு 540, கப்பலில் சுமார் 1,000. அந்த 460 வெள்ளி மிச்சத்துக்காக உங்கள் வயதில் இந்தக் கவலையைச் சுமக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவரிடம் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், நிறுவனக் கணக்கில்தான் போடுங்கள், காற்று மழையில் கப்பல் பூக்கெட்டில் நிற்காமல் போனால் பணம் திரும்பி வரும் என்று எழுதி வாங்குங்கள். கப்பலிலேயே கட்டியிருந்தால் அந்தப் பணம் பொதுவாகத் தானாகத் திரும்பிவிடும். தனி ஆள் கணக்கு, ரசீது கிடையாது என்றால் ஒரு காசு போடாதீர்கள்.

இன்னொன்று, மூன்று பேரும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? பாங்ஙா விரிகுடாவுக்கும் பீபீ தீவுக்கும் போகிற சுற்றுலாக்களில் படகு ஏறி இறங்க வேண்டும், முட்டி வலிக்காரருக்கு அது வேதனை. சாலோங் கோயில், பழைய பூக்கெட் டவுன் என்று தரை வழியாகவே போகிற சுற்றுலாவாகப் பாருங்கள், எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி என்று சுற்றுலா விவரத்திலேயே போட்டிருக்கும். கரைக்கு வரும் சின்னப் படகும் ஆடும், அதையும் ஐயாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், சாப்பாடு, நாற்காலி, கடல் காற்று எல்லாவற்றுக்கும் மகள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். நீங்களும் தங்கையும் மட்டும் போனால் 220 சிங்கப்பூர் வெள்ளி, நம் பணத்தில் 700 வெள்ளி அளவில் முடிந்துவிடும்.

சரி, பணம் எங்கிருந்து? கார்டில் போட்டு மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டுவது வேண்டவே வேண்டாம், ஆண்டுக்கு 18 சதவீதம் வரை வட்டி ஏறும். சேமநிதியையும் தொடாதீர்கள், 2024-க்கு 6.3 சதவீதம் இலாப ஈவு கொடுத்த பணம் அது, உங்கள் மருந்துக்கும் வீட்டுக்கும் இருக்கட்டும். டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, மாதம் 150 வெள்ளி எடுத்து வைத்தாலே இரண்டு பேருக்கான 700 தேறிவிடும். கப்பல் ஏறும் முன்பே ஆப்பில் பதிந்துவிடுங்கள், கப்பலுக்குள் போய் வாங்கினால் விலை கூடுதலாக இருக்கலாம், நல்ல சுற்றுலாக்கள் தீர்ந்தும் போகும். எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் முழுப் பணம் வரும் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள், ஐயாவின் முட்டி அன்றைக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், கப்பலில் செய்யும் செலவெல்லாம் ஏறுகிற கணக்கோடு உங்கள் டெபிட் கார்டை இணைக்க வேண்டாம். செலவே செய்யாவிட்டாலும் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபட நாளாகும், அந்த மாதம் மின்சாரக் கட்டணத்துக்குக்கூடக் கணக்கில் கை வைக்க முடியாமல் போகலாம். மகளின் கிரெடிட் கார்டை இணைத்துவிட்டு, திரும்பி வந்ததும் அவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். பூக்கெட் கடையில் கார்டு தேய்க்கும்போது ரிங்கிட்டா பாட்டா என்று இயந்திரம் கேட்டால் பாட் என்று சொல்லச் சொல்லுங்கள், ரிங்கிட் என்றால் அங்கேயே ஒரு மோசமான மாற்று விலையைப் போட்டுவிடுவார்கள்.