"ஏன் அழுகிறாய்" என்றதும் மாணவி பேச்சை நிறுத்திவிட்டாள்: உங்கள் கேள்விக்குப் பதில்

அழுதுகொண்டு வந்த மாணவியிடம் "ஏன் அழுகிறாய்? எல்லாம் சரியாகிவிடும்" என்றீர்கள், அவள் வாயை மூடிக்கொண்டாள், இனி எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன்.

"ஏன்" என்பது அழுகிற பிள்ளையின் காதில் விசாரணையாக விழும். காரணம் அவளுக்கே பிடிபடாமல் இருக்கலாம். "சரியாகிவிடும்" என்றாலோ, போதும் நிறுத்து என்று கேட்கும்.

அடுத்த முறை, "அன்று அவசரப்பட்டுவிட்டேன். உனக்குத் தோன்றுகிற இடத்திலிருந்து சொல்லு, கேட்கிறேன்" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளும், நீளட்டும். "யாரும் என்னைச் சேர்த்துக்கிறதில்லை" என்றால், "சேர்த்துக்கிறதில்லை... தனியா இருக்கிற மாதிரி இருக்கா?" என்று அவள் சொல்லையே எடுத்துக் கேளுங்கள். மனச்சோர்வு என்றெல்லாம் நீங்களாகப் பெயர் வைக்க வேண்டாம்.

"இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆய்வுகள் இதைத்தான் காட்டுகின்றன. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல், வீட்டாரையும் மருத்துவரையும் சேர்க்க வேண்டிவரும். அதனால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.