பழைய வீடியோ கேசட்டை டிஸ்க்கில் ஏற்றுவது: கேள்வி பதில்

நாகப்பட்டினத்தில் இருந்து: சார், 1994-இல் நடந்த எங்கள் கல்யாணத்தின் கேசட் பீரோவிலேயே கிடந்தது. டேப் சுருளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டெக்கில் (வி.சி.ஆர்.) போட்டுப் பார்க்கலாமா?

போடவே கூடாது. அது பூஞ்சை. ஓட்டினால் தூள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு படம் மங்கிவிடும். அதே டெக்கில் அடுத்துப் போடும் நல்ல கேசட்டிலும் ஒட்டும். வெயிலில் காய வைக்கிறேன் என்றும் கிளம்பாதீர்கள், சூட்டில் டேப் நெளிந்துவிடும். டேப்பைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டுகிற கடையில் கொடுங்கள். "அப்படியே போட்டு எடுத்துத் தருகிறோம்" என்றால் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மற்ற கேசட்டுகளையும் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பூத்ததைத் தனியாக வையுங்கள்.

சேலம்: புது டெக் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழையதுதான். வாங்கினால் பெல்ட், ரப்பர் ரோலர் இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முதலில் போனால் போகிறது என்கிற ஒரு கேசட்டை ஓட்டிப் பாருங்கள்.

மதுரை: டெக்கில் ஓடும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் எடுத்தேன். போகப் போக வாயசைவுக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை!

டேப்பில் இருந்து வரும் சிக்னல் சீராக வராது, கொஞ்சம் அலையும். மலிவான கருவி தடுமாறி நடுவில் சில ஃப்ரேம்களை விட்டுவிடும். ஆடியோ மட்டும் ஒழுங்காகப் பதிவாகும். நேரம் ஆக ஆக இடைவெளி கூடும். டெக்குக்கும் கருவிக்கும் நடுவே சிக்னலைச் சீராக்கும் டி.பி.சி. (டைம் பேஸ் கரெக்டர்) கருவி இருந்தால் நல்லது. முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள்: நம் ஊர் கேசட் பால் (PAL) எனும் வீடியோ முறை, 720 × 576, நொடிக்கு 25 ஃப்ரேம்.

யாழ்ப்பாணம்: அண்ணா, டொரன்டோவில் இருந்து சித்தப்பா அனுப்பிய பிறந்தநாள் கேசட்டில் படம் உருளுது. பழுதா?

கேசட்டில் பிழை இராது. நம் பால் (PAL) முறை அல்ல, கனடாவில் அப்போது என்.டி.எஸ்.சி. முறை: 525 வரி, நொடிக்கு ஏறக்குறைய 30 ஃப்ரேம். இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். 720 × 480-இல் பதியுங்கள்.

கோவை: மூணு மணி நேர கேசட் ஒரே டி.வி.டி.யில் அடங்குமா?

அடக்கலாம், பார்க்கத்தான் சகிக்காது. 4.7 ஜி.பி. டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் வரை சரி. அதற்கு மேல் திணித்தால் ஆட்கள் நகரும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க் போடுங்கள். என்னைக் கேட்டால், டி.வி.டி. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத்தான். மூலப் பதிவை ஃபைலாகவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். கடைக்காரரிடமும் டிஸ்க்கோடு ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். இப்போது வரும் லேப்டாப்புகளில் டிஸ்க் போட இடமே இல்லையே!

திருச்சி: யூடியூபில் போடலாமா?

போடலாம். ஆனால் கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தை அமுக்கிவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்களே, அதற்குக் காப்புரிமைப் புகார் வரும்.

கும்பகோணம்: மாற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஃபைலை முழுக்க ஓட்டிப் பார்க்கும்வரை வேண்டாம். அதுவரை யாரும் தெரியாமல் மேலே பதியாதபடி, கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். ஏற்கெனவே உடைத்து அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டியிருந்தால் அதையும் பிய்த்துவிடுங்கள்.