டிராகன் பூ பூத்துப் பூத்து உதிர்கிறதா?

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் சிவப்புச் சதை டிராகன் பழச் செடி ஒன்று இருக்கிறது. வைத்து மூன்று வருடம் ஆகிறது. போன ஆடியில் ஒன்பது மொட்டு வந்து எல்லாமே பூத்தன. ஆனால் நாலைந்து நாளில் அடியோடு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. நின்றது ஒரே காய். சிவந்ததுமே பறித்துவிட்டேன், சப்பென்று இருந்தது. என்ன உரம் போட வேண்டும்?

பதில்: வணக்கம் அம்மா. ஒன்பது மொட்டு வந்திருக்கிறது என்றால் செடி நல்ல தெம்போடுதான் இருக்கிறது. பூவின் அடியில் பச்சையாக உருண்டிருக்கும் பாகம்தான் பிறகு காயாகும். அதுவும் சேர்ந்து மஞ்சளாகி விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். உரத்தைக் கூட்டினால் இது தீராது.

இது இரவில் பூக்கிற கள்ளி. மாடிகளில் பிரம்மகமலம் என்று வளர்க்கிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். பொழுது சாய்ந்ததும் விரியத் தொடங்கி, நள்ளிரவுக்குள் முழுதாக மலர்ந்து, காலை வெயில் ஏறும்போது வாடிவிடும். பிறந்த இடமான மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் வௌவாலும் இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளும் மகரந்தத்தைச் சுமந்து போகின்றன. நம் மாடியில் விடிந்த பிறகு தேனீ வந்தால் உண்டு. அதற்குள் பூ மூடத் தொடங்கியிருக்கும். வெள்ளைச் சதை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். சிவப்புச் சதையில் பல ரகங்கள் அப்படி இல்லை, வேறு ரகத்தின் மகரந்தம் கேட்கும். உங்களிடம் இருப்பது ஒரே செடி, அதுவும் சிவப்பு.

ஆகவே இந்த வருடம் நீங்களே கையால் மகரந்தம் சேர்த்துவிடுங்கள். இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் பூ நன்றாக விரிந்திருக்கும்போது மாடிக்குப் போங்கள். நடுவில் நீண்டு, நுனியில் விரல் விரலாகப் பிரிந்து நிற்பது சூல்முடி. அதைச் சுற்றி நூல் நூலாக இருப்பவற்றின் தலையில்தான் மகரந்தப் பொடி இருக்கும். காய்ந்த கிண்ணம் ஒன்றைப் பூவுக்குக் கீழே பிடித்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினால் பொடி கொட்டும். அதைச் சூல்முடியின் எல்லா விரல்களிலும் படும்படி தாராளமாகத் தடவுங்கள். இதில் கஞ்சம் கூடாது. மகரந்தம் குறைவாகப் பட்டால் காய் நின்றாலும் சிறுத்துப்போகும். மழை வரும்போல் இருந்தால் தடவி முடித்ததும் பூவுக்கு மேல் பாலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்து வையுங்கள்.

வேறு ரகத்து மகரந்தத்துக்கு எங்கே போவது? தெரிந்தவர் வீட்டில் வெள்ளைச் சதைச் செடி இருந்தால் அது பூக்கும் இரவில் பொடியை வாங்கி, ஈரமில்லாத டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஓரிரு நாள் தாங்கும். அப்படியே முழங்கை நீளத்தில் முற்றிய தண்டு ஒன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி பார்த்து நடுங்கள். தலைகீழாக நட்டுவிட்டு ஏன் தளிர்க்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. அது பூக்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம்.

காய் நின்றதா என்று நாலைந்து நாளில் தெரிந்துவிடும். இதழ்கள் வாடித் தொங்கும், அடிப்பாகம் மட்டும் பச்சையாகவே பருக்கும். வாடிய பூ தானாகக் கழன்று வருகிற பதத்தில் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி அறுவடை. நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். இந்தப் பழம் மாம்பழம், வாழைப்பழம் மாதிரி இல்லை; அரிசிப் பானையில் புதைத்து வைத்தாலும் பறித்த பிறகு இனிப்பு ஏறாது. பூத்த தேதியை ஒரு சீட்டில் எழுதித் தண்டில் கட்டிவிடுங்கள். ஏறக்குறைய 25 நாளில் பச்சைத் தோல் சிவக்க ஆரம்பிக்கும். முழுதாகச் சிவந்த பிறகும் நாலைந்து நாள் விடுங்கள். செதில்களின் நுனி லேசாகக் காய்ந்து, விரலால் அழுத்தினால் தோல் கொஞ்சம் இளகும். அதுதான் பதம்; பூத்த 30 முதல் 35 நாளுக்குள் வந்துவிடும். அதற்கு மேல் விட்டால், மழை பெய்கிற சமயத்தில் பழம் வெடித்துவிடும். திருகிப் பிடுங்காமல் கத்தரியால் காம்பு ஓரத்தில் வெட்டுங்கள். சிவக்கத் தொடங்கியதும் வலைப்பை கட்டாவிட்டால் அணிலும் கிளியும் முந்திக்கொள்ளும்.

சரி, உரம். தொழுவுரமும் மண்புழு உரமுமாக இரண்டு கிலோ, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். யூரியா வேண்டாம், தண்டுதான் கொழுக்கும். மேல் மண் இரண்டு விரல்கடை காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். காய் பருக்கிற நாட்களில் மட்டும் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாக ஊற்றாதீர்கள்.

வைகாசியிலிருந்து செடியைத் தினமும் பாருங்கள். மொட்டு தெரிந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் பூக்கும். சாண் நீளத்துக்கு வளர்ந்த மொட்டு பருத்து, நுனியில் வெள்ளை எட்டிப் பார்த்தால் அன்று இரவே விரிந்துவிடும். சாயங்காலமே பிரஷ்ஷும் கிண்ணமும் எடுத்து வைத்துவிடுங்கள், அம்மா.