நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்டா? எத்தனை பேர்ல நூறு?

அக்கா, உங்க மெசேஜ் படிச்சேன். பொண்ணுக்கு கட்ஆஃப் 200க்கு 168, டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்) கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணியாச்சு, அதுக்குள்ள ஒரு காலேஜ்ல இருந்து தினமும் போன், நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட், போன வருஷம் 44 லட்சம் பேக்கேஜ், சிஎஸ்இல (கம்ப்யூட்டர் சயின்ஸ்) நாலே சீட்டுதான் பாக்கி, இன்னைக்கே 50 ஆயிரம் கட்டி பிளாக் பண்ணுங்கன்னு. கட்டவான்னு கேக்குறீங்க.

இன்னைக்கு கட்டாதீங்க. போன் பண்றவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரல, ஒவ்வொண்ணும் உண்மையாவே இருக்கலாம், ஆனா அதுக்கும் உங்க பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்னுதான் பாக்கணும்.

அந்த நூறு பர்சன்ட்ட எடுத்துக்கோங்க. இந்த மாதிரி ஒரு நோட்டீஸ ஒரு தடவ கையில வாங்கி பாத்தேன், கீழ எறும்பு சைஸ் எழுத்துல 'எலிஜிபிள் ஸ்டூடன்ட்ஸ்'னு போட்டிருந்துச்சு. அதாவது அரியர் இல்லாம, இவ்ளோ மார்க்குக்கு மேல வச்சிருந்து, பிளேஸ்மென்ட்டுக்கு பேர் குடுத்த பசங்க மட்டும். கிளாஸ்ல 120 பேர், அதுல எலிஜிபிள் 48, அந்த 48 பேருக்கும் ஆஃபர் வந்தா நூறு பர்சன்ட்தானே? மிச்சம் 72 பேர் கணக்குலயே வரல.

44 லட்சம் ஒரே ஒரு பையனோட திறமை. பத்து பேர்ல ஒம்போது பேருக்கு 3 லட்சம், ஒருத்தனுக்கு 44னு வைங்க, ஆவரேஜ் 7 லட்சத்துக்கு மேல வந்துரும், ஆனா அந்த 7 லட்சத்த வாங்குற ஆள் அங்க யாருமே இல்ல. அதனால மீடியன் கேளுங்க, வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கிறவன் வாங்குற சம்பளம். என்ஐஆர்எஃப்க்கு, அதாவது மத்திய அரசோட காலேஜ் ரேங்கிங்குக்கு, டேட்டா குடுத்த காலேஜா இருந்தா அவங்க வெப்சைட்லயே அந்த பிடிஎஃப் கிடைக்கும், எத்தனை பேர் சேந்தாங்க, எத்தனை பேர் நாலு வருஷத்துல முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் எவ்ளோ, எல்லாம் அதுலயே இருக்கும். காலேஜே குடுத்த கணக்குதான், அதுவும் பிராஞ்ச் வாரியா இருக்காது, இருந்தாலும் பேனர விட மேல்.

காலேஜுக்கு கிரேடு போடுற நாக்ல ஏ பிளஸ் பிளஸ்னாங்களா? அது மொத்த காலேஜுக்கு குடுக்குறது. சிஎஸ்இ எப்படின்னு தெரியணும்னா அந்த கோர்ஸுக்கு என்பிஏ, அதாவது கோர்ஸ் வாரியா குடுக்குற தர அங்கீகாரம், இருக்கான்னு கேளுங்க.

நாலு சீட்டு கதை இருக்கே, அது காரணமே இல்ல, யோசிக்க விடாம பண்ற வேலை. சீட்டு கம்மியா இருக்குறதால காலேஜ் நல்லதாயிருமா?

ஒண்ணு, கோவத்துல அந்த காலேஜே வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணிராதீங்க. போன் பண்றவர் தப்பா காரணம் சொன்னாலும் காலேஜ் நல்லதா இருக்க வாய்ப்பு இருக்கு (உங்க கொழுந்தனார் பையன் அங்க படிச்சு அமெரிக்கால இருக்கான்னீங்களே, அதுவும் அதே 44 லட்சம் கதைதான், ஒரு ஆளு).

நாளைக்கு போன் வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க: போன பேட்ச் சிஎஸ்இல மொத்தம் எத்தனை பேர், அதுல எத்தனை பேர் வேலைக்கு ஜாயின் பண்ணாங்க, ஆஃபர் கணக்கு வேணாம், ஜாயின் பண்ண கணக்கு. மெயில்ல அனுப்புங்கன்னு சொல்லுங்க. அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் யார்கிட்டயும் குடுத்துட்டு வந்துராதீங்க, ஜெராக்ஸ் போதும். மெயில் வந்தா எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, சேந்து பாக்கலாம்.