மாலத்தீவு இஎம்ஐயா, அந்தமான் ஆர்.டி.யா? முதல் ஸ்கூபா பயணத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: வணக்கம் சார். ராணிப்பேட்டையில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை, கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. நான் ஆற்காட்டில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், 28,000. வாடகை உட்பட மாதச் செலவு 48,000. சேமிப்புக் கணக்கில் 1,50,000 இருக்கிறது. ஆகஸ்டில் 60,000 ரூபாய் எஃப்.டி. முதிர்கிறது. நகைக்கடன் 1,10,000, ஆண்டு வட்டி 10%. வருகிற குளிர்காலத்தில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. டிராவல்ஸில் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு மாலத்தீவு, 4 இரவு, இருவருக்கும் 2,60,000, ஒரு டைவ் இலவசம், 12 மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா? டைவிங் சாமான்கள் ஆன்லைனில் தள்ளுபடியில் வருகின்றன, வாங்கி வைக்கலாமா? அவர் கிணற்றில் நன்றாக நீந்துவார், கண்ணாடி போட்டவர். எனக்கு நீச்சல் சுமார்தான். சின்ன வயதில் வீசிங் இருந்தது.

பதில்: அந்த பேக்கேஜ் வேண்டாம். மாலத்தீவின் மேல் எந்தக் குறையும் இல்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே நல்ல பருவம். உங்கள் கணக்குதான் உதைக்கிறது. 2,60,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 21,667. வரவில் செலவு போக உங்களிடம் நிற்பது 22,000. ஓராண்டு முழுக்க மாதம் 333 ரூபாயோடு ஓட்ட வேண்டும். நகைக்கடனில் அசல் ஒரு பைசா குறையாது. 'நோ காஸ்ட்' என்பதும் முழு உண்மை அல்ல. ரொக்கமாகக் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடியை உங்களுக்குத் தராமல் அதையே வங்கிக்கு வட்டியாகக் கொடுப்பார்கள். கார்டு ஸ்டேட்மென்டில் வட்டி தனி வரியாக விழும். அதன் மேல் 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில், பிராசசிங் கட்டணம் வேறு.

இலவசம் என்று சொல்லும் அந்த ஒரு டைவ் என்ன என்பதையும் பாருங்கள். பயிற்சியாளர் கூடவே பிடித்து அழைத்துப் போகும் அறிமுக டைவ் அது. அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம், சான்றிதழ் கிடையாது. நீங்கள் கேட்டது கற்றுக்கொள்ள. அதற்கான அடிப்படைப் பயிற்சி 'ஓப்பன் வாட்டர் டைவர்' கோர்ஸ்: பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் 4 டைவ். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம், அந்த அட்டை உலகம் முழுக்கச் செல்லும். இதற்கு 3 முதல் 4 நாள் வேண்டும். போகவர ஒவ்வொரு நாள் போனால் 4 இரவுப் பயணத்தில் இது அடங்காது. 2,60,000 செலவழித்தும் கற்காமலே திரும்புவீர்கள்.

பணம் கட்டும் முன் முதலில் டாக்டரைப் பாருங்கள். எல்லா டைவிங் பள்ளியும் மருத்துவப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லும். ஆஸ்துமா, வீசிங், ரத்த அழுத்தம், இதய நோய், காது அறுவை சிகிச்சை என்று எதற்காவது 'ஆம்' போட்டால் டாக்டரின் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். தீவுக்குப் போன பிறகு இது தெரிந்தால் டிக்கெட், அறை, முன்பணம் மூன்றும் போகும். சின்ன வயது வீசிங்தானே என்று மறைத்து 'இல்லை' போடவும் வேண்டாம். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கி அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரலே கிழியலாம். வேலூரில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. நுரையீரல் மருத்துவரிடம் அந்தப் படிவத்தின் பிரதியோடு போய், ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுத் திறன் சோதனை) எடுத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீச்சல். கோர்ஸில் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கெடு இல்லை, எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். கிணற்றில் குதித்து நாலு கை வீசிப் படியேறுபவருக்குத் தொடர்ந்து நீந்தும் பழக்கம் இருக்காது. 25 மீட்டர் குளத்தில் 8 தடவை கடக்க வேண்டிய தூரம் இது. உங்கள் கணவரும் சேர்ந்தே குளத்தில் பழகட்டும். நீங்கள் மூன்று மாதப் பயிற்சியில் சேருங்கள். இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது.

முடிந்தால் மார்ச், ஏப்ரலில் ஒரு ஞாயிறு புதுச்சேரி போய்வாருங்கள், இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். டைவிங் பள்ளியில் குளத்துக்குள் மட்டும் ஒரு அமர்வு எடுங்கள். தண்ணீருக்கடியில் வாயால் மட்டும் மூச்சு விடுவது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தப் பயத்தை சில ஆயிரத்தில் தெரிந்துகொள்வது மேல்.

இடம், அந்தமான். பாஸ்போர்ட், டாலர், வெளிநாட்டுச் செலவுக்குக் கார்டில் போடும் கூடுதல் கட்டணம் எதுவும் இல்லை, கோர்ஸ் கட்டணம் ரூபாயில். கடல் நீர் குளிர்காலத்திலும் 27, 28 டிகிரி. தாய்லாந்தின் கோ தாவ் தீவில் கோர்ஸ் மலிவு என்று யாராவது சொல்வார்கள். நவம்பர், டிசம்பர் அங்கே மழைக்காலம், அது அந்தமான் கடல் அல்ல, தாய்லாந்து வளைகுடா. மாலத்தீவில் பல இடங்களில் நீரோட்டம் அதிகம், கொஞ்சம் டைவ் எண்ணிக்கை சேர்ந்த பிறகு போனால் கொடுத்த காசுக்குப் பலன் இருக்கும்.

தேதியில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விமானம், அறை இரண்டும் உச்ச விலை. நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் புயல் வாய்ப்பும் உண்டு. 2016 டிசம்பரில், பிறகு சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா, அந்தமான் பக்கம் உருவானபோது ஹேவ்லாக், நீல் தீவுகளில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் படகு இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல் போய் மீட்டது. பொங்கல் கழித்து, குடியரசு தினக் கூட்டமும் வடிந்த பிறகு, ஜனவரி 27 வாக்கில் கிளம்புங்கள். டிக்கெட் போடும்போது பெயர் குழப்பம் வரலாம். ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்.

மொத்தம் 8 இரவு, 9 நாள். முதல் நாள் சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கேயே இரவு. இரண்டாம் நாள் படகில் ஹேவ்லாக். மூன்று, நான்கு, ஐந்தாம் நாள் கோர்ஸ். ஆறாம் நாள் இருவரும் இரண்டிரண்டு டைவ். ஏழாம் நாளை எதற்கும் ஒதுக்காமல் காலியாக விடுங்கள். சளி பிடித்தால் காதை அழுத்தத்திலிருந்து விடுவிக்க முடியாது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினாலும் காது திறக்காது, வலியோடு இறங்கினால் செவிப்பறை சேதமாகும். அன்றைய டைவை ரத்து செய்வதைத் தவிர வழியில்லை. காற்று அடித்தாலும் அப்படியே. அந்த ஒரு நாள் கையிருப்பு இல்லாதவர்கள்தான் கோர்ஸைப் பாதியில் விட்டுத் திரும்புகிறார்கள். எட்டாம் நாள் படகில் போர்ட் பிளேர், ஒன்பதாம் நாள் விமானம். பல நாள் டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகும். காலை டைவ், மாலை விமானம் என்று யார் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இருவருக்குமான பட்ஜெட்டை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் விலை கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டை – சென்னை விமான நிலையம், போகவர: 4,000
விமானம், 2 × 14,000: 28,000
படகு, 4 டிக்கெட்: 7,200
அறை, ஹேவ்லாக் 6 இரவு, போர்ட் பிளேர் 2 இரவு: 23,000
கோர்ஸ், 2 × 32,000: 64,000
கூடுதல் டைவ்கள்: 14,000
சாப்பாடு: 13,500
ஸ்கூட்டர் வாடகை: 3,000
முகக்கண்ணாடி இரண்டு: 5,000
டாக்டர், இன்சூரன்ஸ்: 5,000
ஆக 1,66,700. எதிர்பாராச் செலவுக்குச் சுமார் 16,500 சேர்த்தால் 1,83,200.

இதில் கைவைக்கக் கூடாத இடம் கோர்ஸ். அறையில் குறைக்கலாம், ஸ்கூட்டரை விட்டு ஆட்டோவில் போகலாம். இரண்டாயிரம் மலிவு என்று ஒரு பயிற்சியாளருக்கு எட்டுப் பேர் இருக்கும் பள்ளிக்குப் போகாதீர்கள். நான்கு பேருக்கு மேல் இல்லாத இடமாகக் கேளுங்கள். முன்பணம் அனுப்புமுன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியவை: வாடகைக் கருவி, படகு, சான்றிதழ் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் அடங்கிய தொகையா? டாக்டர் மறுத்தால் எவ்வளவு திரும்பும்? முதல் நாளிலேயே ஒருவர் விலகினால்? பாடப் பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடிக்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் தீவில் அரை நாளாவது மிச்சம்.

பணம் எங்கிருந்து வரும்? சேமிப்புக் கணக்கின் 1,50,000 உங்கள் மூன்று மாதச் செலவுதான். அதைத் தொடாதீர்கள். மார்ச் முதல் வங்கியில் 10 மாத ஆர்.டி., மாதம் 12,000 போடுங்கள். 6.5% வட்டி கிடைத்தால் ஜனவரி முதல் வாரம் சுமார் 1,23,500 கையில் இருக்கும். ஆகஸ்ட் எஃப்.டி.யின் 60,000-ஐச் சேர்த்தால் 1,83,500. விமான டிக்கெட்டையும் கோர்ஸ் முன்பணத்தையும் எஃப்.டி. பணத்தில் செப்டம்பரில் போடுங்கள். தபால் அலுவலக ஆர்.டி. இதற்கு ஆகாது. அது 5 ஆண்டுத் திட்டம், 3 ஆண்டுக்கு முன் முடிக்க விடமாட்டார்கள். தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாத சீட்டும் வேண்டாம். மாதாமாதம் பெரும் வட்டி என்ற பேச்சை நம்பி வேலூர், ஆரணி பக்கம் எத்தனை குடும்பம் சேமிப்பை இழந்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மீதி 10,000 மாதாமாதம் நகைக்கடனுக்கு. பகுதிப் பணம் கட்ட அனுமதி உண்டா, அன்றே அசலில் வரவு வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து மாதத்தில் பாக்கி சுமார் 16,000-க்கு இறங்கிவிடும்.

இன்சூரன்ஸில் பலரும் தவறாகப் படிக்கும் ஒரு வரி இருக்கிறது. ஹெல்த் பாலிசிகளின் பொது விலக்குப் பட்டியலில், 09 குறியீட்டில், ஸ்கூபா டைவிங் பெயர் சொல்லியே வருகிறது. ஆனால் அங்கே உள்ள வாசகம் 'தொழில்முறையாக' ஈடுபட்டால் என்பது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. விபத்துக் காப்பீடு, பயணக் காப்பீடு ஆகியவற்றின் வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பாலிசி ஆவணத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் டைவிங் விபத்துக்கென்றே பாலிசி தருகின்றன. அழுத்த அறைச் சிகிச்சையும் (நைட்ரஜன் குமிழியைக் கரைக்க உயர் அழுத்த அறையில் தருவது) அவசரப் போக்குவரத்தும் அதில் அடங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். செலவு அங்கேதான் எகிறும்.

சாமான்கள்: இப்போது வாங்க வேண்டியது முகக்கண்ணாடி மட்டும். ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து மூச்சு விடும் கருவி), பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்) வாங்கினால் ஆண்டுதோறும் சர்வீஸ் செலவு, விமானத்தில் எடைக் கட்டணம், ஆண்டில் 350 நாள் அலமாரியில் கிடக்கும். கோர்ஸில் கருவி வாடகை பொதுவாக அடங்கிவிடும். முகக்கண்ணாடியை ஆன்லைனில் வாங்காமல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு. உங்கள் கணவருக்கு மீசை இருந்தால் மூக்கடியில் தண்ணீர் கசியும், விளிம்பு படும் இடத்தில் மெல்லியதாக ஒதுக்கிவிட்டால் போதும். பவர் கண்ணாடி பதித்த முகக்கண்ணாடி அரை அரை பவர் இடைவெளியில் ரெடிமேடாகக் கிடைக்கும். கோர்ஸில் தண்ணீருக்கடியில் மீட்டரைப் படிக்க வேண்டியிருப்பதால் இதை வாங்காமல் இருக்க முடியாது. புதுக் கண்ணாடியின் உட்புறம் ஆலையின் சிலிகோன் படலம் இருக்கும், அதனால் முதல் நாளே ஆவி படிந்து மங்கும். வெள்ளை டூத்பேஸ்டால் விரலால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள், ஜெல் பேஸ்ட் உதவாது.

இந்த வாரம் இரண்டே வேலை: ஆர்.டி. திறப்பது, நுரையீரல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது. டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலும் ஆர்.டி.யை நிறுத்தாதீர்கள். கோர்ஸுக்கும் டைவுக்கும் வைத்த 78,000-இல் நகைக்கடனின் மிச்சத்தை அடைத்துவிட்டு, மீதியை நீல் தீவில் ஸ்நார்க்கலிங்குக்கும் (மூச்சுக்குழலோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது) கூடுதல் இரண்டு இரவுக்கும் வைத்துக்கொள்ளலாம். முகக்கண்ணாடி அப்போதும் பயன்படும்.