சரிசெய்ய வேண்டிய சுவரா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சேர்ந்து, நுழைவுக்கூடத்துச் சுவரில் ஒரு பெரிய ஓவியம் தீட்டவிருக்கிறார்கள். அது நிரந்தரமாக அங்கே இருக்கப்போவதால், பிள்ளைகள் முடித்தபின் தொழில்முறை ஓவியர் ஒருவரைக் கொண்டு சரிசெய்துவிடலாம் என்கிறது நிர்வாகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுப்பதற்குத் தக்க காரணமும் அகப்படவில்லை. தங்கள் கருத்து என்ன?

– ஓர் ஓவிய ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் தேடும் காரணம் அந்தச் சுவரைக் கடந்து நடக்கப்போகும் பிள்ளையிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு பறவையை வரைந்த மாணவி, பள்ளியை விட்டுப் போகும்வரை அதைத் தினமும் பார்ப்பாள். அதன் கோணல் இறக்கையை வேறொருவர் நிமிர்த்தியிருந்தால், மற்றவர் கண்ணுக்குப் படாத அந்தத் திருத்தம் அவள் கண்ணுக்கு மட்டும் தவறாமல் படும்.

ஆனால் நிர்வாகத்தின் அச்சத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். பல பள்ளிச் சுவர்கள் ஒட்டுப்போட்ட துணிபோல் இருப்பது உண்மை. அதற்குக் காரணம் பிள்ளைகளின் கை அன்று, முன்னேற்பாடு இல்லாமை. ஐந்தாறு வண்ணங்களை மட்டும் தேர்ந்து, தேவையான அளவை ஒரே தடவையில் கலந்து பகிர்ந்தளித்தால், நூறு கைகளின் கோடுகளும் ஒரே ஓவியத்துக்குள் அடங்கும். புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைக் கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டம் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுவர் ஒழுங்காக வரும், ஆனால் எதை வரைவது என்பதில் பிள்ளைகளுக்குப் பேச்சே இருக்காது.

ஓவியரை அழைக்கவே கூடாதா என்றால், முதலில் அழையுங்கள் என்பேன். லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் ஓவியர் ஜூடித் பாக்கா 1976இல் தொடங்கிய ஓவியத்தில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் உழைத்தார்கள். அது ஏறத்தாழ 840 மீட்டர் நீண்டது. அங்கே ஓவியர்களும் வரலாற்றறிஞர்களும் துணைநின்றது திட்டமிடும் கட்டத்திலிருந்தே. அவ்வளவு கவனமாகச் செய்த ஓவியத்தையும் 2011இல் புதுப்பிக்க நேர்ந்தது என்பதையும் உங்கள் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நிரந்தரம் என்று நாம் சொல்வதில் பராமரிப்பும் அடக்கம்.

பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் நிரந்தரம் பெரும்பாலும் அங்கேதான் தோற்கிறது. போஸ்டர் வண்ணம் ஈரம் பட்டால் கரையும்; பளீரென ஒளிரும் வண்ணங்கள் வெயிலில் விரைவில் வெளிறும். அக்ரிலிக் வண்ணம் தாங்கும், சுவர் காய்ந்திருந்தால். புதிய சிமெண்ட் பூச்சில் காரத்தன்மை மிகுதி என்பதால் குறைந்தது 28 நாள் ஆறவிட்டு, பிரைமர் பூசியபின் தொடங்குங்கள். ஈரம் ஊறும் சுவரானால் எந்தப் பூச்சும் உதவாது. உப்புப் பூத்து வண்ணத்தை உரித்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில், சுவரிலிருந்து சற்று விலக்கித் திருகாணியால் பொருத்திய பலகைகளில் வரைவதே மேல். சுவரைப் பழுதுபார்க்கும்போது கழற்றி மாட்டவும் முடியும். ஓவியத்தின்மேல் வெள்ளையடிக்கும் அவலமும் நேராது. சூளை வசதி கிடைத்தால் பீங்கான் ஓடுகளையே நான் தேர்வேன். கோபால்ட், செம்பு, இரும்பு ஆக்சைடுகள் தரும் நிறங்கள் 1000 பாகை செல்சியசுக்கு மேல் சுடப்பட்டு, ஓட்டின் கண்ணாடிபோன்ற மெருகோடு ஒன்றிவிடுவதால், வெயில் அவற்றை ஒன்றும் செய்வதில்லை.

இன்னொன்று. நுழைவுக்கூடம் என்பதால் புத்தகப்பைகள் உரசி, தோளுயரத்துக்குக் கீழே வண்ணம் நிச்சயம் தேயும். கலந்த ஒவ்வொரு வண்ணத்திலும் சிறிது எடுத்து, இறுக மூடிய டப்பாவில் எண்ணிட்டு வையுங்கள். அந்தப் பகுதிகளை நிரப்பும் வேலையை அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களிடமே கொடுக்கலாம்.